சுண்ணாம்பு வைத்த இடம்

ஜனவரி 20

மோட்டார் இன்றும் ஓடவில்லை. பழுது பார்க்க வந்தவர் மோட்டார் காயில் எரிந்துபோய்விட்டது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் ஒரு அரசு ஆஸ்பத்திரி வாளித் தண்ணீரில் காலம் தள்ளுகிறது. டைரி எழுதச் சொன்னது என் கணவர் சற்குணம். திண்டுக்கல்லில் மகளோடு இருந்துகொண்டு, மனசில் இருப்பதை எழுதினால் கோபம் குறையும் என்கிறார். மனசில் இருப்பது மோட்டார்தான்.

சாயங்காலம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் ஒரு பூஜைக்குப் போனேன். தேயிலைக்கு மருந்தடிக்கும் கதிர்காமன் இரண்டு தடவை நேரில் வந்து அழைத்துவிட்டார். அவருடைய அப்பா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். காட்டு ஓரத்தில் அத்தி மரத்தடியில் புதிதாக சிமெண்டு பூசிய ஒரு மேடை, செந்தூரம் பூசிய கல், ஆஞ்சநேயர் படம். திடீரென்று இங்கே எதற்குக் கோயில் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். சும்மா ஒரு வேண்டுதல் என்றார் கதிர்காமன்.

அவர் மனைவி யோகவதி கொழுந்து பறிப்பவள். முப்பது வயதிருக்கும், நிற்கவே நிற்காத ஆள். புல்லில் குவித்து வைத்திருந்த கதம்பத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து என் கொண்டையில் செருகிவிட்டாள். பூ வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அவள் சிரித்த சிரிப்புக்கு அதை எடுத்தெறிய மனம் வரவில்லை. குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் எடுக்க மறந்து அப்படியே படுத்து ஒரு தூக்கம் போட்டேன்.

ஜனவரி 22

அதே யோகவதி இன்று இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். தலையைத் தூக்க முடியவில்லை, இடுப்பும் தொடையும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்றாள்.

இந்த மலையில் உண்ணி கடித்து இரண்டு காய்ச்சல் வரும். முதல் சில நாள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, எங்கள் பேச்சில் டாக்ஸி, போட்டால் இரண்டு நாளில் இறங்கிவிடும், போடாமல் விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். இன்னொன்று குரங்குக் காய்ச்சல். அதற்கு மாத்திரையே கிடையாது. ரத்தம் எங்காவது கசிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் குரங்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் காட்டில் குரங்கு சாகும். இந்த வருடம் எங்கும் அப்படி ஒரு தகவல் இல்லை.

முதல் காய்ச்சலுக்கு ஓர் அடையாளம் உண்டு. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. அக்குளில், மார்புக்கடியில், பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் என்று ஒளிந்திருக்கும். தேடினால்தான் கிடைக்கும். யோகவதி கூச்சத்தில் நெளிந்தாள். நான் விடவில்லை. நாடாவைத் தளர்த்தினால், இடது இடுப்பில் கருகருவென்று இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சகாயமேரி சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். டாக்ஸி எழுதி வார்டில் படுக்க வைத்தாயிற்று. நாளை மறுநாள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பாள்.

ஜனவரி 23

காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு நாள்தானே ஆகிறது.

ஜனவரி 24

காலையில் பல் விளக்கும்போது ரத்தமாக வருகிறது என்றாள். ரத்தத் தட்டணுக்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. கொதிக்கிற காய்ச்சலுக்கு நாடி குதிரையாக ஓட வேண்டும், இவளுக்கோ நிதானமாக நடக்கிறது. டாக்ஸி இந்நேரம் வேலை செய்திருக்க வேண்டும்.

பொருக்கை மறுபடி பார்த்தேன். விரலால் அழுத்தியதும் முகத்தைச் சுளித்தாள். வலிக்கிறது. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"யோகவதி, இந்த இடத்துல ஏதாவது வச்சியா?"

"உண்ணி கடிச்சிருந்துச்சு டாக்டரம்மா. பிச்சா தலை உள்ளயே தங்கிரும்ல? சுண்ணாம்பு வச்சேன். அதுவா விழுந்துருச்சு."

இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். மடியில் வெற்றிலைப் பை, பையில் சுண்ணாம்பு. உண்ணி கடித்தால் ஒரு பொட்டு. அது தோலைச் சுட்டுப் பொருக்காக்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் வகுப்பெடுத்தேன். வலிக்கிறதா என்ற ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் போதும். என் மேல் எனக்கு வந்த கோபத்தை வாளித் தண்ணீர் கொண்டுவந்த பையனிடம் காட்டினேன். அவன் பாவம்.

அப்படியானால் இது அந்த மற்றொன்றாகத்தான் இருக்க வேண்டும். காட்டுக்குள் போனாயா, செத்த குரங்கைப் பார்த்தாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற கதிர்காமனைக் கேட்டேன். அவரும் இல்லை என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜனவரி 25

லைன் வீடுகளுக்கு நானே போனேன். வீடு வீடாகக் கேட்டேன். எந்தக் குரங்கும் சாகவில்லையாம். இத்தனை வீட்டில் ஒருவர்கூட யோசித்துவிட்டுப் பதில் சொல்லவில்லை, எல்லாருக்கும் பதில் தயாராக இருந்தது. கடைசியில் அத்தி மரத்தடிக்குப் போனேன். பூஜை மாலைகள் அழுகிக் கிடந்தன. பொதுவாகக் கோயில் மேடை சதுரமாக இருக்கும். இது நீளவாக்கில் இருந்தது, ஒரு குழந்தையைப் படுக்க வைக்கும் அளவுக்கு. அன்றைக்குப் பொங்கல் தின்றுகொண்டே இதைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன்.

கதிர்காமன் பின்னாலேயே வந்து நின்றார். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

பொங்கலன்று காலையில் அந்த மரத்தடியில் ஒரு குரங்கு செத்துக் கிடந்ததாம். அனுமார் வாசலில் வந்து உயிரை விட்டிருக்கிறார், அநாதையாகப் போட முடியுமா? பாடை கட்டி, மாலை போட்டு, மேளம் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். வனத்துறைக்குத் தெரிந்தால் கேஸ் போடுவார்கள், விறகுப் பாதையை அடைப்பார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டார்கள். அது பெண் குரங்கு. பொம்பளைக் கையால்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது யாரும் முன்வரவில்லை. யோகவதிதான் மடியில் கிடத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

உடம்பு ஆறினதும் உண்ணிகள் குரங்கை விட்டு இறங்கிப் பக்கத்தில் சூடாக இருப்பவர் மேல் ஏறும். மடியில் கிடத்தியிருக்கிறாள்.

"நீங்க சொல்லிட்டா எங்க கதி என்னங்க?" என்றார்.

"சொல்லலன்னா உங்க சம்சாரம் கதி என்ன?"

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்து மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொன்னேன். ஜீப்பில் ஏறும்போது பார்த்தால் என் கணுக்காலில் ஒரு உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிப் போட்டேன். சின்னது.

ஜனவரி 26

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த கையோடு யோகவதியின் ரத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினோம். மூக்கிலும் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அவளையும் ஆம்புலன்ஸில் ஏற்றி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய இங்கயே வச்சுக்கங்க டாக்டரம்மா" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மாவட்ட அதிகாரி போனில் வைத்து வாங்கினார். "கருப்பா ஒரு புள்ளியப் பாத்துட்டு இத்தனை நாள் தூங்கிட்டீங்களே, டாக்டர்." இனி ஊகத்தில் ஒரு மாத்திரைகூட எழுதமாட்டேன். ரிசல்ட் வரட்டும், அப்புறம் மருந்து.

மத்தியானம் வனத்துறை, சுகாதாரத்துறை எல்லாரும் வந்து மேடையை உடைத்தார்கள். தோண்டி எடுத்து எரித்து, சுற்றிலும் மருந்தடித்தார்கள். கதிர்காமனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.

ஜனவரி 28

குரங்குக் காய்ச்சல்தான். ரிசல்ட் வந்துவிட்டது. யோகவதி பற்றிக் கேட்டால், இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

வெளிநோயாளிகள் வரிசையில் லைன் வீட்டுப் பெண்கள் ஒருவரும் இல்லை. சாமியை இடித்த டாக்டர் என்று பெயர் வந்துவிட்டதாக சகாயமேரி சொன்னாள். அவள் எதையும் பொத்தி வைத்துச் சொல்லமாட்டாள். மோட்டார் சரியாகிவிட்டது. அதற்கு மட்டும் எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைப்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 30

யோகவதிக்குத் தட்டணுக்கள் ஏறுகின்றனவாம். மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது. போனை வைத்ததும் ஊசி போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெயிலில் கண் கூசுகிறது. இந்த ஊர்ப் பனிக்கும் வெயிலுக்கும் தலைவலி வராமல் இருந்தால்தான் அதிசயம். தலையணையை மாற்ற வேண்டும், கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டினாற்போல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 1

யோகவதியை இங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் காய்ச்சல் போனது போலப் போய்விட்டு மறுபடி திரும்பும், அப்போது மூளையைத் தொடும். அதனால் சில நாள் எங்கள் கண்முன்னால் இருக்க வேண்டும். பாதி ஆளாகிவிட்டாள். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காமல், பெண்கள் வார்டில் இருந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான் மகாராணி.

சற்குணம் போன் செய்தார். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். சளி என்றேன்.

பிப்ரவரி 2

சகாயமேரி கேட்காமலேயே தெர்மாமீட்டரை என் வாயில் வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்றாள். மூன்று நாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கணக்கு எளிதானது. குரங்கைப் புதைத்த இடத்தில் நின்றேன், என் காலில் உண்ணி கடித்தது, இப்போது காய்ச்சல். யோகவதிக்கு வந்ததேதான். ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வார்டில் யோகவதிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். எப்படியும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரே இடத்தில் இருந்தால் சகாயமேரிக்கு நடை மிச்சம்.

சகாயமேரி சண்டை போட்டாள். "டாக்ஸி ஒண்ணு போடுங்க மேடம். போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"அவளுக்கும் அப்படித்தான் போட்டேன், சிஸ்டர்."

"அது வேற உடம்பு, இது வேற உடம்பு."

உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டேன், எங்கும் பொருக்கு இல்லை என்று சொன்னேன். உண்மைதான். குளியலறைக் கண்ணாடியில் தெரிந்த வரைக்கும் பார்த்தேன். கணுக்காலில் உண்ணி கடித்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அப்புறம் எந்த நியாயத்தில் மாத்திரை போடுவது? அந்த அதிகாரியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 3

பீரோ சாவி மேசை இழுப்பறையில் இருக்கிறது. மகள் இளவேனிலின் தடுப்பூசி அட்டை பச்சைப் பையில். அவளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில், யாராவது போய் வாங்க வேண்டும். சற்குணத்துக்கு ரசத்தில் பெருங்காயம் அதிகம் போட்டால் ஆகாது, அவர் அம்மாவுக்கு அது தெரியாது.

சும்மா, ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 4

ஈறில் ரத்தம் வருகிறதா என்று காலையிலிருந்து விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. வரும். நாடி வேகமாக ஓடுகிறது, மெதுவாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு வாகு ஆளுக்கு ஆள் மாறும்.

என் காய்ச்சல் சார்ட்டை நானேதான் குறிக்கிறேன். சிவப்புப் பேனா கசிகிறது போலிருக்கிறது. இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புப் புள்ளியாகத் தெறித்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5

தலை. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 6

நேற்று மத்தியானம் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

அரைத் தூக்கத்தில் கிடந்தேன். யோகவதி தன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லாதவள், ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. தலை சடை பிடித்துக் கிடக்கிறது, சீவி விடட்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூடத் திராணியில்லை. லைன் வீட்டுப் பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பார்ப்பார்களே, அதே போல என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். மேடையை உடைத்ததற்கு என் மேல் கோபமா என்று கேட்டேன். அவள் சீப்பை நிறுத்தவில்லை. கோபம்தான் என்றாள். "அது பாவம் டாக்டரம்மா. மடியில போட்டப்ப கண்ண மூடவே இல்ல, நான்தான் மூடிவிட்டேன். அத எரிச்சுட்டாங்க." அடுத்த சிக்கை எடுத்துக்கொண்டே, "நானும் சொல்லிருக்கணும்," என்றாள்.

பின்னங்கழுத்துக்கு மேலே, கொண்டை போடும் இடத்தில் சீப்பு நின்றது. விரலால் முடியை விலக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இதுல சுண்ணாம்பு வச்சீங்களா?"

எனக்குப் புரியவில்லை. எதில் என்றேன்.

"கறுப்பா இருக்கு. எனக்கு இருந்த மாரியே."

"நான் எதுவும் வைக்கல."

அவள் அதை அழுத்தினாள். நான் அவளை அழுத்தியது போலவே, அதே பலத்தில்.

"வலிக்குதா?"

வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. என் கையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் இருந்தது மை இல்லை. உண்ணிக் காய்ச்சலின் தடிப்பு உள்ளங்கையில் வரும் என்று மருத்துவக் கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். அதை நான் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். ஒரே காடு, ஒரே உண்ணி இனம் என்று நினைத்து, அவளுடைய காய்ச்சலை எடுத்து நான் போர்த்திக்கொண்டு செத்துப்போகத் தயாராகப் படுத்திருந்தேன். ரசத்துக்குப் பெருங்காய அளவுகூட எழுதி வைத்துவிட்டேன்.

யோகவதி கூப்பிட்ட கூப்பாட்டுக்கு சகாயமேரி ஓடி வந்தாள். ஒரு கையில் டாக்ஸி, ஒரு கையில் தண்ணீர். மாத்திரை அவள் பாக்கெட்டில் தயாராகவே இருந்திருக்கிறது. நான் விழுங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளால் பேசாமல் இருக்க முடியும் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 7

காய்ச்சல் இறங்கிவிட்டது. சற்குணத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பாவாடை வந்ததா என்று இளவேனில் கேட்கிறாள் என்றார்.

பிப்ரவரி 9

லேபில் மாதிரிகள் குவிந்துவிட்டனவாம், என் ரத்த ரிசல்ட் இன்றுதான் வந்தது. குரங்குக் காய்ச்சல் இல்லை. இதற்காகக் காத்திருந்தால் இதைப் படிக்க நான் இருந்திருக்கமாட்டேன். மாவட்ட அதிகாரிக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன்: இந்த மலையில் பொருக்கைப் பார்த்தால் சுண்ணாம்பு வைத்ததா என்று கேட்க வேண்டும், அப்படியே வைத்திருந்தாலும், ரிசல்ட் வரும்வரை டாக்ஸியை நிறுத்தக் கூடாது, தலைமுடிக்குள் தேடாமல் பொருக்கு இல்லை என்று எழுதக் கூடாது. கதிர்காமன் மேல் கேஸ் வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இனி குரங்கு செத்தால் முதலில் எனக்குச் சொல்வதாக அவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தொடாமல் கும்பிடலாமா என்று கேட்டார். தூரத்திலிருந்து என்றேன்.

யோகவதிக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. நாளை வீட்டுக்குப் போகிறாள். இன்று வெளிநோயாளிகள் வரிசையில் லைன் வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள், ஒன்றும் நடக்காதது போல.

சாயங்காலம் யோகவதி எனக்குத் தலை பின்னிவிட்டாள். பூஜையன்று புல்லில் கிடந்த கதம்பத்தை அவள் செருகியதும் பொருக்கு இருந்ததும் ஒரே இடம், அதைத் தொடாமல் சுற்றிப் பின்னினாள். முடித்துவிட்டு, பூ வைத்துவிடட்டுமா என்றாள்.

கடையில் வாங்கினதாக இருந்தால் வை என்றேன்.